ஒரு டன்னும் எட்டம்பிட்டிய இறக்கமும்

ஒரு டன் ஏற்றலாம் என்று சொல்லும் பிக்கப்பில், ஒரு டன்னை ஏற்றிக்கொண்டு எங்கள் மலைகளில் இறங்கலாமா? சனிக்கிழமை வெலிமடைக்குப் போய்வந்த பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

காலை ஆறரைக்கு நமுனுகுலவில் பஸ் ஏறினோம்: கணவர், நான், இரண்டு வயது மகள். கணவர் தோட்டங்களில் மரக்கறி வாங்கிப் பதுளையில் விற்கிறார். இதுவரை வாடகை வண்டிதான். இனிச் சொந்த வண்டி, ஓட்டப்போவதும் அவரே. என் பயம் அதனால்தான்.

பதுளையில் பஸ் மாறி, பத்து மணிக்கு வெலிமடை சேர்ந்தோம். விற்பவர் உருளைக்கிழங்கு வியாபாரி. பழைய பிக்கப்புக்கு நாற்பது இலட்சம் கேட்டார். பாரம் தாங்கப் பின்புறம் ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகப் போட்டிருந்தார்.

“ஒன்றரை டன் ஏத்தினாலும் குனியாது தங்கச்சி.”

“பட்டையக் கூட்டினீங்க. பிரேக்கையும் கூட்டினீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

கணவர் சிரித்தார். “கோவிச்சுக்காதீங்க. இவ டீச்சர். கண்ணுல படுற எல்லாத்துக்கும் மார்க் போடுவா.”

வியாபாரி கோபிக்கவில்லை. அன்று பதுளைப் பக்கம் இருபது மூட்டை அனுப்ப வேண்டியிருந்தது. மூட்டைக்கு ஐம்பது கிலோ. “ஏத்திக்கிட்டு நீங்களே ஓட்டிப் பாருங்க, நானும் வாறேன்” என்றார்.

எட்டம்பிட்டிய வரை குறையில்லை. அதைத் தாண்டிய இறக்கத்தில், வளைவுக்கு வளைவு கணவரின் கால் இன்னும் ஆழமாக அழுத்துவதைப் பார்த்தேன். பிறகு கருகும் வாசனை. “ஏங்க, ஓரங்கட்டுங்க” என்றேன். முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை.

“ரெண்டாம் கியர்ல எறக்கணும் தம்பி. பிரேக்கையே நம்பி வரக்கூடாது” என்றார் வியாபாரி. சூடு ஆறக் காத்திருந்து அப்படியே இறங்கினோம். வாசனை குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

ஹாலி எலவில் ஒரு கடையில் பத்து மூட்டைகளை இறக்கினார்கள். அதன்பின் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்த்தோம்; அதே வண்டி பிரேக் மிதித்த இடத்திலேயே நின்றது. அரை டன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை என்றால் வாங்கலாம் என்றேன். கணவர் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

பதுளைக்குப் புறப்பட்டுச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை.

“டீச்சர், பஸ்ஸே வரல. பதுளை வரைக்கும் ஏத்திக்கங்க.”

கணவர் என்னைப் பார்த்தார். “ஏறுங்க” என்றது நான்தான்.

“பத்து மூட்டை எறங்குச்சு, ஒம்பது பேர் ஏறிட்டாங்க” என்று வியாபாரி சிரித்தார். “வண்டி வச்சிருந்தா இதுதாங்க டீச்சர்.”

பதுளை வரை மகளை இறுகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மட்டும் பார்த்தபடி வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கும்போது ஒருத்தி சொன்னாள்: “இந்த வண்டியவே வாங்கிருங்க டீச்சர். நம்ம தோட்டத்துக்கும் ஒரு வண்டி வேணும்ல.”

வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். மலைத் தோட்டங்களில் பிக்கப் வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பிரேக்கைப் புதிதாக மாற்றினால் போதுமா, பெரிய வண்டியே வேண்டுமா? பதினோராவது மூட்டையை வேண்டாம் என்று சொல்ல என் கணவரால் முடியும். கைப்பிள்ளையோடு வழியில் நிற்பவளிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?