கூக்கால் பஸ்ஸுக்கு ஒரே ஒரு டிக்கெட்

போன செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். கூக்கால் பஸ்ஸுக்காக நின்றேன்.

கூக்காலில் என் தங்கை ராசாத்தி இருக்கிறாள். இருந்தாள் என்று எழுத வேண்டுமோ... முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி வந்துபோக வண்டி வசதி இல்லை என்று, அன்று மத்தியானம் மகன் அவளைத் திருப்பூருக்கே அழைத்துப் போகிறான். அதற்குள் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

"வெரசா வந்துருங்கண்ணே. பட்டர் பீன்ஸ் குழம்பு வைக்கேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

இந்த பஸ் இருக்கிறதே... ஆள் இல்லை என்று ஒரு நடையைக் குறைத்தார்கள். நடை குறைந்ததால் ஜனங்கள் ஷேர் ஜீப்புக்கு மாறினார்கள். ஜீப்புக்கு மாறியதால் பஸ்ஸில் ஆள் இல்லை. யாரைக் குற்றம் சொல்வது? டிப்போவையா, ஜீப்பையா, நம்மையா? அவரவர் செய்தது அவரவருக்குச் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு.

போன மாதம் கூக்கால் ஊர்க்கூட்டத்தில் இதை நான்தான் வட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு விளக்கினேன். ஒரு மாதம் யாரும் ஜீப் ஏறுவதில்லை, பஸ்தான் — தீர்மானம். நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. எண்ணினேன்.

ஏழரைக்கு ஜீப் வந்தது. விடியற்காலையில் மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஏறினார்கள். அவர்களில் ஏழு பேர் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கியவர்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பூண்டு வியாபாரி காதர் பாய் மட்டும் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறுங்க சார். ஒங்க வட்டம் எங்கயும் போயிராது, அங்கனயேதான் கெடக்கும்."

ஜீப்பே சிரித்தது. நானும் ஏறியிருக்கலாம். ஆனால் தீர்மானம் போட்டவனே ஏறினால்?

"பஸ் வரட்டும் பாய்" என்றேன்.

எட்டு. ஒன்பது. ஒன்பதரைக்கு டைம் கீப்பர் வந்து, கூக்கால் நடை ரத்து என்றார். ஒரு டிக்கெட்டுக்காக வண்டியை எடுக்க முடியுமா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஒரு டிக்கெட் நான். அடுத்த ஜீப் மத்தியானம்தான். டாக்ஸிகளெல்லாம் டூரிஸ்ட் சவாரிக்குப் போயிருந்தன. ராசாத்திக்குப் போன் செய்தேன். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்கிறேன் என்றாள்.

ஒன்றரைக்கு ராசாத்தி மகனின் கார் வந்தது. மழைக்கு முன்னால் மலை இறங்க வேண்டும் என்று அவன் இன்ஜினை அணைக்கவில்லை. ராசாத்தி கண்ணாடியை இறக்கி, மடியிலிருந்த தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள்.

"பஸ் வரவே இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

"இனி நானும் இல்ல. அதுக்கு இன்னும் ஒரு ஆளு கொறஞ்சு போச்சு."

அன்று கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அவள். பதில் சொல்வதற்குள் கார் நகர்ந்துவிட்டது. குழம்பு ஆறிப்போயிருந்தது.

அன்றைய கணக்கில் பஸ் கட்டணம் இல்லை, ஜீப் கட்டணமும் இல்லை. காத்திருந்தபோது குடித்த டீ மூன்று — நாற்பத்தைந்து ரூபாய்.