திலகாவுக்காகக் காலி செய்த தரை

சின்னக்கருப்பனுக்கு இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தேழு ஆண்டு வேலை. லோரி, கொளுந்து வெட்டும் இயந்திரம், பழைய ஜெனரேட்டர், எதுவானாலும் அவர் கை பட்டால்தான் ஓடும். நான் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்தில், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தராத ஒரே ஆள் அவர்தான். "ஒரு நாளைக்கு ஆகும் கிராணி" என்பார். அப்படிச் சேர்ந்தவை எல்லாம் ரோட்டோரத்தில் இருந்த அவருடைய கார் கொட்டகையில் கிடந்தன. கார் வெளியே மழையில் நின்றது.

2023 மார்ச் 6, திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி திலகாவின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனிப்பு நீர் நோய். இருபத்தெட்டு ஆண்டு சரிவில் நின்று கொளுந்து பறித்த கால். பதினேழாம் தேதி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் ரோட்டிலிருந்து, மேட்டில் தொழிலாளர் வரிசையில் இருந்த அவர்கள் லயத்து வீட்டுக்கு நாற்பத்தொரு படி. சக்கர நாற்காலி ஏறாது. ஈப்போவில் இருக்கும் மகள் குமுதா, அம்மா தன்னோடு இருக்கட்டும் என்றாள். சின்னக்கருப்பன் கேட்கவில்லை.

"அவ இல்லாம நான் மட்டும் மேல என்னா செய்யப் போறேன்? கொட்டாய்ல கட்டில் போட்டுரலாம் கிராணி. நீங்க அளந்து குடுங்க."

அளந்தேன். நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்து. கட்டிலுக்கு ஆறுக்கு மூன்று. நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். தரையில் ஒரு சாமான்கூட இருக்கக் கூடாது. எதையும் வீச அவருக்கு மனம் வராது. ஆகவே எல்லாம் மேலே ஏறின.

ஊறுகாய்ப் போத்தல்களின் மூடிகளை உத்தரத்தின் அடியில் ஆணியடித்தார். திருகாணிகளை நிரப்பிய போத்தல்களை அதில் திருகி மாட்டினார். பழைய கொளுந்துக் கூடைகளைச் சுவரின் உச்சியில் படுக்கவைத்து வரிசையாகக் கட்டினார். சைக்கிள் ரிம் ஒன்றைக் கூரையில் தொங்கவிட்டுச் சுற்றிலும் கொக்கி வைத்தார். சுழற்றினால் வேண்டிய ஸ்பேனர் கைக்கு வரும். டயர்கள் கயிற்றில் ஏறின.

கயிறு பிடித்த பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி சும்மா இருக்கவில்லை. "அண்ணி வந்து பாத்தா ஒங்களயும் சேத்து மேல கட்டிருவாங்கண்ணே."

"வாய மூடிட்டுக் கயித்த இழுடா."

கடைசியில் திலகாவின் அரிசி டின், சீப்பு, சேலைகள் எல்லாமும் மேலேயே இடம் பிடித்தன. பதினாறாம் தேதி மாலை தரை வெறுமையாக இருந்தது. சிமெண்டைக் கழுவிவிட்டார்.

மறுநாள் குமுதா அம்மாவைக் கூட்டிவந்தாள். நாற்காலி எதிலும் இடிக்காமல் ஒரு முழுச்சுற்று சுற்றியது. எனக்குத் திருப்தி. திலகா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சீப்பு கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். குவளை கேட்டாள், கொடுத்தார். மாற்றுச்சேலை நான்காவது கூடையில் இருந்தது. முக்காலியில் ஏறினார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா என் கைக்கு எட்டுறது ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"கேட்டா எடுத்துத் தரேன்லா."

"ஆறரைக்கு வேலைக்குப் போயிருவீங்க. அப்புறம் யாருகிட்ட கேக்கிறது?" குரல் இறங்கியது. "நானும் ஒரு சாமானாட்டம் இங்க கெடக்கணும், அவ்வளவுதான்."

அவர் முக்காலியிலேயே நின்றார். நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். கதவின் அகலம் இருந்தது, கட்டிலின் உயரம் இருந்தது. உட்கார்ந்திருப்பவளின் கை எதுவரை எட்டும் என்ற அளவு இல்லை. அதை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் இருந்தாள். ஞாயிறன்று மகளோடு புறப்பட்டாள். காரில் ஏறியபின், "மாத்திட்டுக் கூப்பிடுங்க, வந்துர்றேன்" என்றாள்.

அன்றே அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "அவ என்னவிடக் குட்டை. நாலு விரல் கொறச்சுப் போடுங்க கிராணி" என்றார். சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். மேல்கோடு மூன்றடி எட்டங்குலம், கீழ்க்கோடு ஒன்றேகால் அடி. அவளுக்கு வேண்டியதும் அவருக்கு வேண்டியதும் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் வர வேண்டும் என்றார். அவ்வளவும் அங்கே கொள்ளாது. எதையும் வீசாத மனிதர் ஏழு நடை லோரியில் ஏற்றி இரும்புக்காரனிடம் கொடுத்தார். மிச்சத்துக்குக் கோடுகளின் நடுவே பலகைத் தட்டுகள் அடித்தார். கூரையில் ஒரு கொக்கிகூட மிஞ்சவில்லை.

ஏப்ரல் 19, புதன்கிழமை வேலை முடிந்தது. என் எதிரிலேயே போன் செய்தார். "எல்லாம் ஒன் கைக்குள்ள இருக்கு புள்ள. சீப்புகூட." அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்கும் கேட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குக் குமுதா அழைத்தாள். அம்மாவுக்கு முந்திய நாள் காய்ச்சல் வந்திருக்கிறது. விடியும்போது மூச்சு நின்றிருக்கிறது.

சின்னக்கருப்பன் இப்போதும் அந்தக் கொட்டகையில் சில்லறை வேலை செய்கிறார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் குனிய வேண்டியிருக்கிறது. மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுகிறார். போன மாதம், தட்டுகளை உயர்த்திவிடலாம், அளந்து தருகிறேன் என்றேன்.

"வேணாம் கிராணி" என்றார். "இப்பதான் சரியா இருக்கு."