சாப்பாட்டுக்கு முன் போடும் குளிசை

இதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன். என் வயிற்றுக் கதையை யார் வாசிக்கப் போகிறார்கள்? ஆனால் எனக்கே அது இன்னும் விளங்கவில்லை. எழுதினாலாவது விளங்குமா பார்ப்போம்.

எனக்குக் காஸ்ரிக். கொத்து ரொட்டியும் பிளேன் ரீயும் சேர்ந்து செய்த வேலை. ஆஸ்பத்திரியில் அமிலத்தைக் குறைக்கிற குளிசை தந்தார்கள். "தம்பி, விடியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போடுங்கோ" என்றார் மருந்து தந்த அக்கா.

அடுத்த கிழமை கந்தசஷ்டி. நான் விரும்பிய பெண்ணின் தாயாருக்கு என்னைக் கண்ணிலும் காட்டக்கூடாது. அம்மா போய்க் கதைத்தபோது சொன்னாராம்: "உது குரங்கெல்லோ! சஷ்டி விரதத்தை ஆறு நாளும் முழுசாப் பிடிச்சுக் காட்டட்டும், பாப்பம்."

பிடித்தேன். பகலில் தண்ணீர், இரவுப் பூசை முடிய பாலும் பழமும். குழப்பம் அங்கேதான். விடியச் சாப்பாடே இல்லை, பிறகு எதற்கு முன் போடுவது? ஒட்டுசுட்டானில் கடை வைத்திருக்கும் நண்பனிடம் கேட்டேன். அவன் ரமழானில் நோன்பு பிடிக்கிறவன்.

"நாங்க விடியமுன்னம் எழும்பிச் சாப்பிடுற சஹர் சாப்பாட்டுக்கு முன்னம் போடுவம். உனக்குத்தான் சஹர் இல்லையே, மச்சான்."

"அப்ப உன்ர கடையில வந்து விரதம் பிடிக்கட்டோ?"

"ஐயோ வேண்டாம். என்ர பேரீச்சம்பழப் பெட்டி காலியாகிடும்."

சாப்பாடு இல்லையென்றால் குளிசையும் இல்லை என்று நானே முடிவெடுத்தேன்.

சூரன்போர் அன்று கோயில் வீதியில் நல்ல சனம். சூரனின் தலை விழுந்த நேரம் என் வயிற்றுக்குள் இன்னொரு சூரன் எழும்பினான். நெஞ்சு எரிந்து, புளிப்பு தொண்டைவரை வந்தது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு "முருகா!" என்று கத்திவிட்டேன். கண்ணீர் ஓடியது.

பின்னால் பெண்ணின் தாயார்.

"அழுதெல்லோ கும்பிடுறார்! நான்தான் பிள்ளையைப் பிழையா நினைச்சிட்டன். நாளைக்கு விடியப் பாறணைக்கு எங்கட வீட்டுக்கு வாங்கோ, தம்பி."

குரங்கு பிள்ளையாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பெண் போய்விடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு சஷ்டிக்கும் மாமி கண்ணீரை எதிர்பார்ப்பார். அதோடு, அழவைத்தது அமிலம் மட்டும்தானா? முருகனை நான் உண்மையாகத்தானே கூப்பிட்டேன்?

வீட்டுக்கு வந்ததும் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன்: "மச்சான், மாமி விரதம் முடிக்கிற சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறா. உண்மையைச் சொல்லட்டோ?"

பதில் உடனே வந்தது: "முதல்ல சோத்துக்கு அரை மணித்தியாலம் முன்னம் குளிசையைப் போடு, மிச்சத்தை உங்கட முருகன் பாப்பார்."