காலால் பிறந்தவளின் வைத்தியம்

தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் உதைத்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று திருநெல்வேலிப் பக்கம் ஒரு நம்பிக்கை. அது எங்களோடு ரயிலேறித் தாராவிக்கும் வந்துவிட்டது. விடிந்தால் போதும், எங்கள் சந்தில் யாராவது குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். பல் தேய்ப்பதற்குள் ஊரை உதைத்து அனுப்பும் பாக்கியம் எந்த மகராசிக்குக் கிடைக்கும்?

அதனால், தோல் பை தைக்கும் என் வீட்டுக்காரர் முதுகு வலி என்றதும் எனக்கு ஒரே குஷி. கட்டின புருஷனைக் காலால் தொட்டால் பாவம். வைத்தியம் என்றால் பாவமே இல்லை. ஆசை தீர உதைத்தேன்.

"ஏளா, இது பிடிப்புக்கா, பழைய கோவத்துக்கா?" என்று முனகினார்.

வலி போகவில்லை. மாதக்கணக்கில் நீடித்தது. படுத்தாலும் வலித்தது. முகம் வெளுத்து, வீட்டு ஏணியில் ஏறினாலே மூச்சு வாங்கியது. மிஷினில் குனிந்து உட்காருவதால்தான் என்று சாதித்தவரைச் சந்துமுனை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"வலிக்கு ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா" என்றேன். அவர் ஊசியைத் தொடவே இல்லை. கண் இமையை இழுத்துப் பார்த்தார். முதுகெலும்பை மெல்லத் தட்டிப் பார்த்தார். தாகம் எடுக்கிறதா, மலச்சிக்கலா, அடிக்கடி காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான்.

"இதுவரைக்கும் என்ன வைத்தியம் பண்ணீங்க?"

"நாந்தான் உதைச்சேன்" என்றேன் பெருமையாக.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அரே பாப்ரே! இனிமே அவர் முதுகுல கால் படக் கூடாது. வலி மாத்திரையும் வேண்டாம், கிட்னி கெட்டுடும்."

ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜைச் சோதனை. மைலோமா என்றார்கள். எலும்பை உள்ளிருந்தே அரிக்கிற புற்றுநோயாம். முதுகில் ஓர் எலும்பு ஏற்கெனவே நொறுங்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு உதை விழுந்திருந்தால் நடக்கவே முடியாமல் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. நான் என் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"முழுசாப் போகாது. ஆனா கிட்னி கெடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சிட்டோம். மருந்தோட பல வருஷம் ஓட்டலாம்."

வீட்டுக்காரர் சிரித்தார். "இவகூடயே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன் டாக்டர். இதுகூட ஓட்ட மாட்டனா?"

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீரு ஓட்டும். என்கூடயும் ஓட்டும்" என்று அழுதேன்.