மாட்டை விற்று வாங்கிய காற்று

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். கிணறு இருந்தது, கரண்டு வரவில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் இழுத்த இரண்டு மாடுகளில் ஒன்று செத்ததும், மற்றதை விற்று இரும்புத் தகடு வாங்கினார் சித்தப்பா. மகாபலிபுரம் கடற்கரைத் தோப்பில் ஒரு காற்றாடி தானாகவே தண்ணீர் இறைப்பதைப் பார்த்து வந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

ஆடி மாதம் அந்தத் தகடுகளை வைத்துக் கிணற்றடியில் தானே ஒரு காற்றாடி செய்து நட்டார். அது சுற்றிய வேகத்தில் வாய்க்கால் நிரம்பியது. நான் கைதட்டிக் குதித்தேன். ஆடியில் காற்றைச் சோதிப்பது, கல்யாணப் பந்தலில் மாமியாரின் குணத்தைப் பார்ப்பது மாதிரி என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தைரியத்தில் தை பிறந்ததும் நிலம் முழுக்கக் கத்திரி நட்டார். மாசியில் காற்று படுத்துக்கொண்டது. அந்த வருஷத்துச் சோறே அந்தச் செடிகள்தான். அவை தலை தொங்கின.

“மாட்ட வித்துட்டு காத்த வாங்கிகினு வந்தியே, இன்னாயா, அதுவும் செத்துப்பூட்ச்சா?” என்றார் சித்தி.

“சாயங்காலம் கடல்காத்து வரும், இரு.”

“வரும். வந்து கருமாதிக்குச் சாப்ட்டுப் போவும்.”

சித்தப்பா காற்றாடி மேல் ஏறி இரும்புத் தகடுகளைக் கழற்றினார். அந்த மெல்லிய காற்றுக்கு அவை கனம். மூங்கில் சட்டங்களில் பழஞ்சேலைகளை இழுத்துக் கட்டினார். துணி போதவில்லை. சித்தி அவருடைய வேட்டிகளைக் கொண்டுவந்து எறிந்தார். “இத்தயும் கட்டு. மானம் போனாலும் தண்ணி வரட்டும்.”

சாயங்காலம் கடல்காற்று வந்தது. காற்றாடி தேர் மாதிரி அசைந்து அசைந்து சுற்றியது. குழாயில் சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர்.

“எங்க ஆட்டுக்குட்டி ஒண்ணுக்குப் போறதே இதவிட ஜாஸ்திடா!” என்று என் கூட்டாளி சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடிந்ததும் ஓடிப் பார்த்தேன். குழாயடியில் வெட்டிய குழி நிறைய நீர் நின்றது. சித்தி குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றினார். குழி வற்றியதும், ஈரம் எட்டாத பாத்திகளில் இறங்கிச் செடிகளைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். சித்தப்பா பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

கோபத்தில்தான் பிடுங்குகிறார் என்று பயந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அந்தக் காற்று எத்தனை செடியைக் காப்பாற்றும் என்று கணக்குப் பார்த்துத்தான் மிச்சத்தைப் பிடுங்கினார் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?