பாதிப் புருவத்தில் ஒரு வெள்ளப் பாடம்

மலேசியாவின் கிள்ளானில், எங்கள் தாமான் குடியிருப்பில் புருவம் எடுக்க வேண்டுமென்றால் புஷ்பவல்லியிடம்தான் போக வேண்டும். போகாவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுவாள். மற்றவர்கள் நூலைப் பல்லில் கடிப்பார்கள். இவள் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். பேச வாய் வேண்டுமே!

போன வருடம் சமூக மண்டபத்தில் நடந்த வெள்ள முன்னெச்சரிக்கை வகுப்புக்குப் போனாள். போனதென்னவோ இலவச நாசி லெமாக் சோற்றுக்காகத்தான். திரும்பும்போது பருவநிலை மாற்றம் அவள் தலையில் ஏறிக்கொண்டது.

"கடல் முன்ன மாதிரி இல்லடி. அது பெருகி நிக்கிற நேரத்துல மழையும் கொட்டுனா ஆத்துத் தண்ணி எங்க போகும்? நம்ம வீட்டுக்குத்தான் லா!"

ஒரு புருவத்தை முடித்துவிட்டு நிறுத்துவாள். "ஐ.சி. கார்டு, மருந்து, சார்ஜர் எல்லாம் ஒரே பையில இருக்கா?" இல்லையென்றால் அடுத்த புருவம் கிடையாது. நானே பாதி அழகோடு வீட்டுக்கு ஓடி, பையைக் கட்டித் தூக்கிவந்து காட்டியிருக்கிறேன். அன்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பெண்கள் சொல்லி ஆண்களும் தெரிந்துகொண்டார்கள். கன்னையா அண்ணனுக்குத்தான் சொல்ல ஆளில்லை. லோரி ஓட்டியவர். சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. மனைவி வள்ளியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நவம்பரில் ஒரு மாலை, மழையும் கடல் பெருக்கும் சேர்ந்து வந்தன. நாங்கள் பையும் கையுமாகப் பள்ளி மாடிக்குக் கிளம்பினோம். கன்னையா அண்ணன் சக்கர நாற்காலியை வீட்டு வாசலை விட்டு அசைக்கவில்லை.

"எத்தன வெள்ளத்தப் பாத்தவன் நான்! தண்ணி வாசல் வரைக்கும் வரும், போயிரும். நீங்க போங்க லா!"

புஷ்பவல்லி வாதாடவில்லை. அதுவே அதிசயம். நேரே உள்ளே போய், வள்ளியம்மாவின் படத்தை மாலையோடு கழற்றினாள். மழைக்கோட்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா என்கூட வராங்க. நீங்க வீட்டப் பாத்துக்குங்கண்ணே."

"ஏய், அவள எங்க கொண்டுபோற?" என்று கத்திக்கொண்டே அவர் நாற்காலியை மழைக்குள் உருட்டினார். ஆண்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி மாடி ஏற்றினார்கள். வழியெல்லாம் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இருட்டுவதற்குள் தண்ணீர் அவர் வீட்டு ஜன்னலை மூடிவிட்டது. அவர் படுக்கும் கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. மாடியிலிருந்து அதைப் பார்த்தோம். அவர் திட்டுவதை நிறுத்தினார். படத்தை மடியில் வைத்துச் சட்டை நுனியால் துடைத்தார்.

"அவளுக்கு நீச்சல் தெரியாது, புஷ்பா."

"அது எனக்குத் தெரியும்ணே. அதான் அவங்கள முதல்ல தூக்குனேன்."