ஏழாம் எண் பாட்டில்

டெவன்போர்ட்டில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நெவில் பென்டில்டன். மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி டோரீன் பிரிந்து குவீன்ஸ்லாந்து போனபின் அவருக்கு வீடு தூங்க மட்டும்தான். பகலெல்லாம் பின்கட்டுக் கொட்டகையில் பீர் காய்ச்சுவார்.

இந்தக் குளிருக்குச் சாக்லேட் பீர் போட்டார். பார்லிச் சாறு கொதிக்கையில் கடைச் சாக்லேட்டை உடைத்து உடைத்துப் போட்டார். பொங்கி அடங்கி, பாட்டிலில் அடைத்து, காத்திருந்து திறந்தபோது அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. வாரக்கணக்கில் அதற்குள்ளேயே கிடந்த மூக்கு மரத்துப்போயிருந்தது.

"சாக்லேட் இருக்கா இல்லையான்னு யாராச்சும் ஒருத்தன் சொல்லணும்ப்பா. அது போதும் எனக்கு."

நான் குடிப்பதில்லை. ஆகவே, அவர் மாதாமாதம் போய்வரும் பீர் காய்ச்சுவோர் சங்கத்துக்கு, ஒரு பாட்டிலோடு, காரில் அழைத்துப் போனேன். அங்கே பாட்டிலில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்; அவருடையதற்கு ஏழு. எல்லாரும் குடித்து, திட்டித் தீர்த்தபின் தலைவர் எண்ணைக் கூப்பிடுவார். காய்ச்சியவர் கை தூக்குவார். அப்புறம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

ஏழாம் எண்ணை ஊற்றினார்கள். நுரை நிற்கவில்லை. மேலே எண்ணெய்ப் படலம்.

"யாருடா இது? ஆட்டுக்கறிக் குழம்பாட்டம் மிதக்குது!" என்றான் மெக்கானிக் கேரத்.

"என் லாரி எஞ்சின்லகூட இவ்வளவு எண்ணெய் இருந்ததில்லடா!" என்றார் நெவில்.

கூடமே சிரித்தது. அவர் பேச்சுக்கு அத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவரும் சிரித்தார்.

தலைவர் கிளைவ் மட்டும் கிளாசுக்குள் மூக்கை விட்டபடி இருந்தார். "சாக்லேட்ட அப்படியே போட்டிருக்கான். அந்தக் கொழுப்பு நுரையக் கொன்னுடுச்சு. ஆனா வாசனை, அடடா! வெறும் கோகோக் கொட்டையப் போட்டிருந்தா இன்னிக்கு இதுதான்டா முதல். ஏழு யாரோடது?"

நெவிலின் கை மேசைக்கடியிலேயே இருந்தது.

"தூக்குப்பா, கடிச்சிட மாட்டோம்" என்றார் கிளைவ், கூடத்தைச் சுற்றிப் பார்த்து.

தானும் சேர்ந்து கேலி செய்துவிட்டவர் இனி எப்படித் தூக்குவார்? என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு எட்டுக்குப் போனார்கள்.

கிளம்பும்போது கிளைவ் அவர் தோளைத் தட்டினார். "நெவ், மாசாமாசம் அடுத்தவன் சரக்கையே குடிச்சிட்டுப் போறியே! அடுத்த தடவையாவது ஒண்ணு கொண்டாய்யா."

"பாக்கலாம்."

காரில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "வாசனை இருக்காம்ப்பா."